அவளுக்குத் திறந்த பக்கங்கள்

ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் செக்‌ஷன் என்று ஒன்று உண்டு. ஒரு ஷூவின் மேல்பாகத்துக்கு எத்தனை துண்டு தோல் வேண்டும், ஒவ்வொரு துண்டும் என்ன வடிவம், முப்பத்தேழாம் சைஸுக்கு வரைந்ததை நாற்பத்திரண்டு வரைக்கும் எப்படிப் பெரிதாக்குவது, இதெல்லாம் அங்கேதான் முடிவாகும். நான் சேர்ந்தபோது அட்டையில் வரைந்து கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இரண்டு மேசை, இரண்டு திரை. ஒன்றில் நான், இன்னொன்றில் அவள்.

அவள் எனக்கு இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்தவள். ஆம்பூர்க்காரி. வீட்டில் உருது, எங்களோடு தமிழ். வீடு நடக்கிற தூரம். நான் குடியாத்தத்துக்குப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். நான் வயதில் மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அந்த அக்காவில் மரியாதைக் குறைச்சல் எதுவும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் எனக்குச் செய்த கெடுதல் என்று ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியாது.

பேட்டர்ன் வரைகிற மென்பொருள் வெளிநாட்டுக் கம்பெனியுடையது. அவர்கள் நேரடியாக விற்பதில்லை. ராணிப்பேட்டையில் ஒரு டீலர் இருக்கிறார், அவர் வழியாகத்தான் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு மூன்று நாள் பயிற்சி கொடுக்க டீலரிடமிருந்து ஓர் ஆள் வந்தார். அந்த மூன்று நாளும் நான் லீவு. என் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டு வீட்டோடு இருந்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது எல்லாம் மாறியிருந்தது. செக்‌ஷன் இன்சார்ஜ் சார் எதற்கெடுத்தாலும் அவள் மேசைப் பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தார்.

கோடு வரைவதில் நான் அவளுக்குக் குறைந்தவள் இல்லை. கால் அச்சைக் கையில் எடுத்து ஒரு முறை தடவிப் பார்த்தால், வளைவு எங்கே இழுக்கும், எங்கே சுருங்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு அது வர நேரமாகும். ஆனால் மென்பொருளில் ஏதாவது கோளாறு வந்தால், திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு எண் வந்து நின்றால், நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவள் தன் மேசைக்குப் போவாள். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ஐந்து நிமிஷம் படிப்பாள். திரும்பி வந்து, "இருங்கக்கா, பாக்கறேன்" என்று என் மவுஸை வாங்கி, இரண்டு மூன்று இடத்தில் தட்டுவாள். சிவப்பு எழுத்து போய்விடும். அவள் கை என் மவுஸின் மேல் இருக்கும் அந்த நேரம் எனக்குத் தாங்கவே தாங்காது.

அவளுக்கு இயல்பாகவே மூளை அப்படி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவள் தொழுகைக்கு எழுந்து போனபோது அவள் திரை திறந்தபடி இருந்தது. எட்டிப் பார்த்தேன். மென்பொருள் கம்பெனியே எழுதி வைத்த பக்கம் அது. மேலே கோளாறின் எண். கீழே அது ஏன் வருகிறது, எப்படிச் சரிசெய்வது என்று வரிசையாகப் போட்டிருந்தது. அப்படிப் பக்கம் பக்கமாக, ஆயிரக்கணக்கில் இருக்கும்போல. அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. படித்துவிட்டு வந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

அன்று பஸ்ஸில் போனிலேயே தேடிப் பார்த்தேன். கோளாறு எண்ணைப் போட்டதும் அதே தலைப்பு வந்தது. முதல் இரண்டு வரி தெரிந்தது. அதற்குக் கீழே மங்கலாக்கி, முழுவதும் படிக்க உள்ளே நுழையவும் என்று போட்டிருந்தார்கள். என் ஈமெயிலைக் கொடுத்துப் பதிவு செய்யப் பார்த்தேன். உங்கள் விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும் என்று பதில் வந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ராணிப்பேட்டை டீலருக்குப் போன் போட்டேன். பயிற்சி கொடுக்க வந்த அதே ஆள்தான் எடுத்தார். நான் இன்ன கம்பெனி என்று சொன்னதும் கொஞ்சம் தடுமாறினார். ஒரு கம்பெனிக்கு ஒரு லாகின்தான் மேடம், அது ஏற்கெனவே உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு, அவங்களைக் கேட்டுக்கோங்க என்று வைத்துவிட்டார்.

அவளைக் கேட்டிருக்கலாம். எட்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கேட்கவில்லை. கேட்டால் அவள் மேலே, நான் கீழே என்று நானே எழுதிக்கொடுத்தது போல ஆகிவிடும் என்று தோன்றியது. அந்த மூன்று நாள் நான் வந்திருந்தால் அந்த லாகின் மூத்தவளான எனக்குத்தானே வந்திருக்கும் என்று தினமும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போவேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு விசைத்தறி வேலை. காது கேட்காத சத்தத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர். உனக்கு இன்னா கம்மி, சம்பளம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே என்றார். அவரிடம் அதற்குமேல் விளக்க முடியவில்லை.

ரம்ஜானுக்கு அவள் வீட்டிலிருந்து பெரிய டப்பாவில் பிரியாணி வரும், கத்திரிக்காய்த் தொக்கோடு. எனக்கென்று தனியாகக் கறித்துண்டு பொறுக்கி வைத்துக் கொடுப்பாள். வாங்கிச் சாப்பிடுவேன். நன்றாக இருக்கும். நன்றாக இருக்கிறதே என்று அதற்கும் ஒரு எரிச்சல் வரும்.

ஒரு தடவை எங்கள் ஷூவை வாங்குகிற பையர் இத்தாலியிலிருந்து வந்திருந்தார். புது மாடலின் மேல்பாகம் முழுவதும் நான் வரைந்தது. நான் சாம்பிள் ஷூவைக் கையில் ஏந்தி நின்றுகொண்டிருந்தேன். இன்சார்ஜ் சார் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, எங்கள் சிஸ்டம் எக்ஸ்பர்ட் என்று அவளை அறிமுகப்படுத்தினார். பையர் அவளோடு கை குலுக்கினார். அவள் என் பக்கம் திரும்பி, இந்த மாடல் வரைந்தது அக்காதான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் சொல்லித்தான் நான் யாரென்று தெரிய வேண்டியிருந்தது. அதுதான் எனக்கு அன்று முழுக்க உறுத்தியது.

அதற்குப் பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவள் தொழுகைக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும். சில நாள் திரையைப் பூட்டாமல் போவாள். அப்போது போய் அவள் நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே, திறந்திருக்கும் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்வேன். இரண்டு மாதத்தில் நாற்பதுக்கு மேல் படம் சேர்ந்துவிட்டது. அவசரத்தில் எடுத்தவை. சிலதில் மேல்பாகம் வெட்டுப்பட்டிருக்கும், சிலதில் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கும். பஸ்ஸில் அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிப்பேன். ஆங்கிலம் புரியாத இடத்தில் அகராதி பார்ப்பேன். ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

மென்பொருளில் புது வெர்ஷன் போட்ட அடுத்த வாரம். பேர்ணாம்பட்டில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ் என்று அவள் அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். இன்சார்ஜ் சார் சென்னைக்குப் போயிருந்தார். பதினோரு மணி வாக்கில் கட்டிங் செக்‌ஷனிலிருந்து அங்கே மேஸ்திரியாக இருப்பவர் போன் செய்தார். ஷூவின் உள்பக்கம் வைத்துத் தைக்கிற லைனிங் துண்டுகளில் நாட்ச் விழவில்லை என்றார். இரண்டு துண்டை எந்த இடத்தில் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுக்குறி விழ வேண்டும், அதைத்தான் நாட்ச் என்போம். அது இல்லாமல் தையலில் உட்காருகிறவர்களுக்கு வேலை ஓடாது. திரையில் ஒரு எண் வந்திருந்தது. பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. அந்த எண் என் போனில் இருந்தது.

படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்தேன். கட்டிங் மிஷினுக்குப் போகும் ஃபைலில் ஒரு அளவை மாற்றச் சொல்லியிருந்தது. மாற்றினேன். நாட்ச் வந்துவிட்டது. எந்த மாற்றம் செய்தாலும் முதலில் அட்டையில் ஒரு செட் வெட்டி, எல்லா சைஸையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் தோலுக்குப் போவோம். அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் அதைச் செய்யவில்லை. நேராகக் கட்டிங்குக்கு அனுப்பிவிட்டேன். மேஸ்திரி போன் செய்து, "வந்துடுச்சும்மா. தங்கச்சி சீக்கிரமே வந்துட்டாங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மிஷின் சத்தத்தில் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை தையலிலிருந்து ஒரு கட்டு லைனிங் திரும்பி வந்தது. சின்ன சைஸ்கள் சரியாக இருந்தன. நாற்பதுக்கு மேலே போகப் போகத் துண்டுகள் குட்டையாகிக்கொண்டே வந்து, நாற்பத்திரண்டில் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மேல்தோலோடு சேரவில்லை. ஒரு லாட் முழுக்க அப்படித்தான். மேஸ்திரி அவள்தான் சரிசெய்து கொடுத்தாள் என்று இன்சார்ஜ் சாரிடம் சொல்லியிருந்தார். சார் அவளைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஆனால் பார்க்கலாம். சார் லைனிங் துண்டுகளை மேசைமேல் போட்டுப் போட்டுக் காட்டுகிறார். அவள் ஒன்றை எடுத்துப் பார்க்கிறாள், இன்னொன்றை அதன்மேல் வைத்துப் பார்க்கிறாள். நான் எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. பயந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. அந்த அறைக்குள் அவள் தலைகுனிந்து நிற்பதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குள் ஏதோ ஒன்றுக்குப் பிடித்திருந்தது. அதுதான் மீதிப் பாதி.

அவள் வெளியே வந்து நேராகத் தன் மேசையில் உட்கார்ந்தாள். யார், எந்த நேரத்தில், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எதை மாற்றினார்கள் என்று மென்பொருளிலேயே பதிவாகியிருக்கும். எனக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும். திறந்து பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிக் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அக்கா, எந்தப் பக்கத்தைப் பாத்து மாத்துனீங்க?"

ஏன் மாத்தினீங்க என்று கேட்கவில்லை. நான் போனைத் திறந்து அவளிடம் நீட்டினேன். நின்றபடி எடுத்த படம் என்பதும், எங்கேயிருந்து எடுத்தது என்பதும் பார்த்த உடனே அவளுக்குப் புரிந்திருக்கும். தன் திரையில் அதே பக்கத்தைத் திறந்தாள். என் படத்தில் வெட்டுப்பட்டிருந்த மேல்பாகத்தில் விரலை வைத்தாள். "இது பழைய வெர்ஷனுக்கு மட்டும்னு போட்டிருக்குது பாருங்க. புதுசுல இதை மாத்துனா சைஸும் சேர்ந்து மாறும்" என்றாள். பிறகு பழைய அளவுக்குத் திருப்புகிற வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

நான் எழுந்து கண்ணாடி அறைக்குப் போனேன். அவள் திரையைப் படம் எடுத்து வைத்து நான்தான் மாற்றினேன், அவள் அப்போது கம்பெனியிலேயே இல்லை என்று சொன்னேன். சார் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, ஏன் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தீங்க, உங்களுக்கென்று லாகின் இல்லையா என்று கேட்டார். ஒரு கம்பெனிக்கு ஒன்றுதான் தருவார்கள் என்று டீலர் சொன்னதைச் சொன்னேன். அவளையும் உள்ளே கூப்பிட்டார். எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு டீலர் முதலாளிக்கே ஸ்பீக்கரில் போன் போட்டார்.

முதலாளி சாவகாசமாகப் பேசினார். வருஷக் கட்டணத்திலேயே அதெல்லாம் சேர்த்திதான் சார், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் லாகின் வாங்கிக்கொள்ளலாம், நாங்கள் ஒரு ஃபாரம் அனுப்பிப் பதிவு செய்தால் போதும் என்றார். பிறகு எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் கம்பெனியைப் பதிவே செய்யவில்லையே என்றார். அப்படியானால் இத்தனை வருஷமாக எங்கள் ஆள் எதை வைத்துப் படித்தாள் என்று சார் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அதற்குமேல் மறைக்க முடியாமல் அவளே சொல்லிவிட்டாள்.

பயிற்சிக்கு வந்த அந்த ஆள், ஃபாரம் எழுதுகிற பேஜார் எதற்கு என்று தன் சொந்த லாகினை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம், தெரிந்தால் என் வேலை போய்விடும் என்றும் சொல்லியிருந்தார். இத்தனை வருஷமும் அதைக் காப்பாற்றத்தான் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். நான் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் எங்கள் கம்பெனி முறையாகப் பதிவானது. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று இரண்டு லாகின் வந்தது. அந்த ஆளின் லாகினை மாற்றிவிட்டார்கள். அவருக்கு வேலை போகவில்லை, கண்டித்ததோடு விட்டார்களாம். என் பெயரைப் போட்டு உள்ளே நுழைந்தபோது எனக்குக் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தது போல இருந்தது. ஒவ்வொரு தலைப்பாகத் திறந்தேன். நாலைந்து பக்கத்துக்குப் பிறகு ஒன்று திறக்க மறுத்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். விற்பனையாளர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. இன்னும் பார்த்தால் அப்படி நிறைய இருந்தன. டீலர் ஆட்களுக்கு எல்லாம் திறக்கும். வாங்கியவர்களான எங்களுக்குப் பாதிதான் திறக்கும்.

எதிர் மேசையில் அவளும் அதே பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று வரை அவளுக்கு எல்லாம் திறந்துகொண்டிருந்தது. எனக்குக் கிடைத்ததும் அவளுக்குப் போனதும் ஒரே நாளில் நடந்தது. இரண்டில் எனக்கு எது ஜாஸ்தி நிம்மதி கொடுத்தது என்று அன்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது எழுதும்போது தெரிகிறது, இரண்டாவதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "அக்கா, எங்கிட்ட கேட்டிருந்தீங்கன்னா பக்கத்துல உக்காந்து ரெண்டு பேருமே படிச்சிருக்கலாம்." பயிற்சிக்கு வந்தவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாயே என்றேன். "உங்களுக்குக் காட்டறதால அவருக்கு இன்னா ஆயிடும்" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

இனி இரண்டு பேரும் ஒன்று என்று நினைத்தேன். ஆகவில்லை. பூட்டிய பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மென்பொருள் கம்பெனிக்கே கேள்வி எழுதிக் கேட்கலாம். டீலர் வழியாக அது போகும், இரண்டு நாளில் பதில் வரும். எங்கள் கம்பெனி பெயரில் யார் கேட்டாலும் இருவருக்கும் தெரியும். அவள் கேட்டவற்றைப் படித்தேன். கோடு வருகிறது, வெட்டு வரவில்லை, தயவுசெய்து காரணம் சொல்லவும் என்று உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பதில் புரியாவிட்டால், எனக்குப் புரியவில்லை, இன்னும் சுலபமாகச் சொல்லவும் என்று திரும்ப எழுதியிருந்தாள். சிலதில் மூன்று முறை, நான்கு முறை. அந்தப் பக்கத்து ஆள் கடைசியில் படம் வரைந்தே அனுப்பியிருந்தார். நானும் கேள்வி எழுத உட்காருவேன். இலக்கணம் சரியா என்று பார்ப்பேன், சிரிப்பார்களோ என்று நினைப்பேன், அழித்துவிடுவேன். லாகின் வந்துவிட்டது. புரியவில்லை என்று எழுதும் துணிச்சல் வரவில்லை. பழைய பொறாமைக்காவது ஒரு நியாயம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இதற்கு யாரைக் குறை சொல்வது.

அவள் கேள்விகளெல்லாம் டீலர் வழியாகப் போனதால் டீலர் முதலாளியும் அவற்றைப் படித்திருக்கிறார். எட்டு மாதம் கழித்து அவளை ராணிப்பேட்டைக்கு வேலைக்குக் கூப்பிட்டார். வாங்கியவர்களுக்கு உதவி சொல்கிற வேலை. கடைசி நாள் எல்லாருக்கும் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க வரையறதைப் பாத்துத்தான் அக்கா நான் வளைவு போடக் கத்துக்கிட்டேன் என்றாள். நான் போய் வாம்மா என்றேன். நல்லபடியாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வருத்தம் வந்தது. பிரிவுதான் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். பூட்டியதெல்லாம் அவளுக்கு மறுபடியும் திறக்கப் போகிறது என்பதும் அதில் இருந்தது.

இப்போது செக்‌ஷனில் கோளாறு வந்தால் என்னிடம்தான் வருகிறார்கள். போன மாதம் பூட்டிய பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் முதல் முறையாகக் கேள்வி எழுதி அனுப்பினேன். அரை மணியில் போன் வந்தது. அவள்தான்.

"அக்கா, அந்தப் பக்கம் உங்களுக்குத் திறக்காது. நான் அனுப்பவும் கூடாது. லைன்லயே இருங்க, நான் படிச்சு சொல்றேன், எழுதிக்கோங்க."

ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பாள், தமிழில் சொல்வாள், நான் ஆர்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன். புரியவில்லை என்று இரண்டு இடத்தில் சொன்னேன். அவளிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. முடிந்ததும் புது வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஏசி ஜாஸ்தி, பேச்சுத் துணைக்கு ஆள் கம்மி என்றாள். இப்போதாவது எல்லாப் பக்கமும் திறக்கிறதா என்றேன். கேட்டிருக்க வேண்டாம், வாயில் வந்துவிட்டது.

"எல்லாம் எங்க திறக்குது அக்கா. கம்பெனிக்காரங்க அவங்களுக்குன்னு தனியா சிலது பூட்டி வெச்சிருக்காங்க. அதுக்கு நாங்களும் எழுதித்தான் கேக்கணும்" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு லேசாக இருந்தது. அப்படி லேசானதற்கு வெட்கமாகவும் இருந்தது. வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மேஸ்திரியிடம் சொல்லி அட்டையில் ஒரு செட் வெட்டச் சொன்னேன். எல்லா சைஸும் அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. அவளுக்குச் செய்தி அனுப்பினேன். ஓகே அக்கா என்று பதில் வந்தது. நான் அடுத்த மாடலை எடுத்தேன்.